கடைசியில் வரும் "கூடாது"

நேற்று பாதிப் பேச்சில் படம் நின்றுபோனதிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காது கேளாதவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே, வீட்டிலிருந்தே வீடியோவில் சைகையால் மொழிபெயர்ப்பது அவள் வேலை. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அவர்கள் சைகையில் "கூடாது" கடைசியில்தான் வரும். அந்த நொடி படம் நின்றால் போச்சு, "சாப்பிடக்கூடாது" வெறும் "சாப்பிடு" ஆகிவிடும்.

நாளைக் காலை ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். இன்று மாலை, காது கேளாத அதன் அப்பாவிடம் டாக்டர் பேசப்போகிறார். ராத்திரிக்கு மேல் குழந்தைக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கக்கூடாது என்பதை அந்த மனிதர் மாற்றிப் புரிந்துகொண்டால்?

வேறு வழியில்லாமல் நாத்தனாரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஓர் ஆபீசில் நெட்வொர்க் பார்த்துக்கொள்பவள். வாய் கொஞ்சம் நீளம், அதனால் இருவருக்கும் அவ்வளவாக ஒட்டாது.

"சினிமா எல்லாம் நல்லாத்தானே ஓடுது," என்றான் புருஷன்.

"நீ சும்மா இருண்ணா. அண்ணி, எப்ப நிக்குது? நீங்க கையசைக்கும்போதா, அவங்க அசைக்கும்போதா?"

அவள் யோசித்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து அசைச்சா."

அடேயப்பா, அந்த ஒரு பதிலைக் கப்பென்று பிடித்துக்கொண்டாளே நாத்தனார்! நேரே கம்ப்யூட்டரில் நெட்வொர்க் அடாப்டர் செட்டிங்கைத் திறந்தாள்.

"இந்த வேகத்தை யாரு கையால மாத்தினது?"

புருஷன் தலையைச் சொறிந்தான். "லிஸ்ட்ல ஃபுல்னு ஒண்ணு இருந்துச்சு. ஃபுல்லா இருந்தா நல்லதுதானேன்னு..."

"நல்லா வெச்சே போ! கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல அனுப்பவும் செய்யுது, வாங்கவும் செய்யுது. ரூட்டரோ ஒருத்தர் முடிச்சாத்தான் இன்னொருத்தர்னு நினைச்சுட்டு இருக்கு. ரெண்டும் தங்களுக்குள்ள பேசி முடிவெடுக்க விட்டிருக்கணும்."

அதை மட்டும் "ஆட்டோ" என்று மாற்றினாள். இன்னும் பத்து செட்டிங் கண்ணெதிரே இருந்தும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "ஒண்ணை மாத்திப் பாத்துட்டுத்தான் அடுத்தது," என்று சொல்லிவிட்டு, போனோடு பக்கத்து அறைக்குப் போய் வீடியோவில் வந்தாள். பேய் பிடித்தவள் மாதிரி கையை ஆட்டினாள். இவளும் ஆட்டினாள். படம் நிற்கவே இல்லை. இத்தனை நிதானம் நாத்தனாருக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மாலையில் டாக்டர் சொல்லச் சொல்ல அவள் சைகை செய்தாள். பாதியிலேயே அந்த அப்பா பதறிப்போய்க் குறுக்கே கையசைத்தார். பாலாவது கொடுக்கலாமா? இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில். படம் ஓடிக்கொண்டே இருந்தது. பாலும் கூடாது என்றார் டாக்டர். அந்த அப்பா அதைத் தன் கையால் முழுசாகத் திருப்பிச் சொன்னார், கடைசி "கூடாது" வரைக்கும்.

அவள் எழுந்துபோய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "கெட்டிக்காரிடி நீ!"

"ஐயோ, விடுங்கண்ணி. அந்தக் 'கூடாது'வை எப்படிக் காட்டுறது? எனக்கும் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே புருஷன் வந்து மவுஸைப் பிடித்தான். "இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டி வைக்கட்டுமா?"

இரண்டு பெண்களின் கையும் ஒரே நேரத்தில் எழுந்தது. கூடாது.