ஆறரையிலிருந்து ஏழு வரை

கொத்துத் தகடு இரண்டாவது முறை அடித்ததும் டல்சி கதிரையிலிருந்து வழுக்கி மேசைக்கடியில் போய்விட்டாள். மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. கொத்துப் போடுகிறவன் ரொட்டியை வெட்டுகிறானா, யாரிலோ உள்ள கோபத்தைத் தீர்க்கிறானா என்று தெரியாத அடி. நான் மண்டியிட்டுக் கூப்பிட்டேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, யாரோ எறிந்த ஈர டிஷூவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்களே தவிர கதையை நிறுத்தவில்லை.

"டடி, ஆறு மணி ஆகப் போகுது," என்றாள் அஷ்லி. அவளுக்கு ஏழு வயது. மணி பார்க்கப் பழகிய நாளிலிருந்து என்னை மேய்ப்பது அவள்தான்.

அன்று டல்சிக்கு மூன்றாவது பிறந்தநாள். அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது என் மனைவி பிறிசில்லா சைப்பிரசுக்குப் போனாள், படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்மணியைப் பராமரிக்க. அந்த அம்மாள் பின்னேரம் கண்ணயரும் அரை மணித்தியாலம்தான் பிறிசில்லாவின் சொந்த நேரம். நமக்கு அது ஆறரையிலிருந்து ஏழு வரை. வீடியோவில் வருவாள். அஷ்லி பள்ளிக்கூடக் கதை முழுவதும் சொல்வாள். டல்சி ஓடிவிடுவாள். ஒன்றரை வருடமாகப் பிறிசில்லா தன் சின்ன மகளிடம் அதிகம் பார்த்தது முதுகைத்தான். வீட்டில் சாப்பாடும் ஓட்டத்தில்தான். சோற்றுக் கோப்பையோடு பின்னால் ஓடுகிறவன் நான். ஒரே ஒரு முறை, ஒரு கலியாண வீட்டில், முன்னால் தட்டுப் பூட்டிய உயரக் கதிரையில் இருத்தி ஒரு கோழித் துண்டைக் கொடுத்தபோது அசையாமல் இருந்தாள். அப்படி ஒன்று வாங்கலாமே என்பீர்கள். கேட்ட விலைக்குப் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கலாம்.

"இந்த முற மட்டும் அவட முகத்தக் காட்டுங்க பேசில்," என்று முதல் நாள் சொல்லியிருந்தாள் பிறிசில்லா. "புள்ளைகளுக்கு ஏத்த இடமாப் பாத்துக் கூட்டிப் போங்க. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

இது ஒரு பெரிய விஷயமா? இரண்டு பிள்ளைகளை இருத்தி ஒரு பிடி சோறு கொடுக்க இந்த ஊரில் இடமில்லாமலா போய்விடும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

மேசைக்கடியிலிருந்து இழுத்தெடுத்த டல்சியை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் இருத்தி, அஷ்லியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டினேன். வாவியைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல். வாசலில் பெரிய படம்: ஒரு அப்பா, ஒரு அம்மா, பல் தெரியச் சிரிக்கும் இரண்டு பிள்ளைகள். உள்ளே எல்லா மேசையிலும் பியர் போத்தல். நான் ஒன்றும் குடிக்காத உத்தமன் இல்லை. போர்த்துக்கேயர் வழிவந்த எங்கள் பறங்கியர் கலியாணத்தில் போத்தல் இல்லாவிட்டால் பைலா ஆட யார் எழும்புவது? ஆனால் எனக்குத் தெரியாத ஒருவன் டல்சியின் கன்னத்தைப் பிடித்து, "பேபி, ஒரு டான்ஸ் போடுங்க பாப்பம்," என்றபோது கை துருதுருத்தது. அடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கான கதிரை இருக்கிறதா என்று பரிமாறுகிறவனிடம் கேட்டேன்.

"ஒண்டு இருந்தது. கால் உடைஞ்சு ஸ்டோர்ல கிடக்கு. சாப்பாடு வர எப்பிடியும் நாப்பது நிமிஷம் போகும்."

"வாசல்ல படம் போட்டிரிக்கீங்களே?"

"அது கொம்பனில இருந்து வந்து ஒட்டினது."

ஆறு பத்து. அப்போதுதான் காத்தான்குடிக் கடை ஞாபகம் வந்தது. நான் ஏசி, பிரிட்ஜ் திருத்துகிறவன். போன மாதம் அந்தக் கடை மேல்மாடியில், குடும்பங்களுக்கென்று திரை போட்டுத் தடுத்த பகுதியில், ஏசி பார்க்கப் போனபோது மூலையில் மூன்று உயரக் கதிரைகள் அடுக்கியிருந்ததைக் கண்டிருக்கிறேன். முதலிலேயே அங்கே போகாத என் மண்டையில் இரண்டு போட வேண்டும். வேகமாக ஓட்டினேன். டல்சி காற்றுக்கு வாயைத் திறந்து சிரித்தாள். அவளுக்கென்ன.

காசு மேசையில் கடை முதலாளி உசனார் இருந்தார்; அந்த முஸ்லிம் ஊர் வழக்கப்படி எனக்கும் அவர் காக்கா, அண்ணன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பின்னால் பார்த்தார். இன்னும் பின்னால் பார்த்தார்.

"மனிசி வரல்லயா பேசில்?"

"வெளிநாட்டுல. மேல ஒரு மேச தாங்க காக்கா, சுறுக்கா."

அவர் எழும்பி என் தோளில் கை வைத்தார். தோளில் கை வைத்தாலே விளங்கிவிடும், காரியம் நடக்காது என்று.

"கோவிக்காத தம்பி. மேல பொம்புளையள் முகத்தத் தொறந்து வெச்சிச் சாப்புடுற. பொம்புளையோட வராத ஆம்புளய ஏத்தேலா. கீழ இரி, நான் நல்லாக் கவனிக்கன்."

"தனியாவா வந்திரிக்கன்? ரெண்டு புள்ள இரிக்கி. போன மாசம் ஏணியோட ஏத்தினீங்களே?"

"அது காலம்பற, கட தொறக்காத நேரம். ஒனக்கு ஏலும் எண்டா நாளைக்கி இன்னொராளும் வருவான். நான் ஆருக்கு எண்டு பதில் சொல்ற?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. பிழை இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். கீழே அந்த உயரக் கதிரையைக் கொண்டுவரலாமா என்றேன்; இரும்புப் பட்டறை மாதிரிக் கொத்துத் தகடு ஒன்று இங்கேயும் அடிக்கத் தொடங்கியது. டல்சி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு இருபத்தைந்து.

படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்றது. கணவன், இரண்டு பையன்கள், முகம் மூடிய மனைவி. அவள் கணவனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் இறங்கி வந்தார்.

"எங்கட றஸீனா கேக்கிறா, புள்ளைகள எங்களோட இருத்தட்டுமா எண்டு. யோசியாதீங்க, நாங்க இந்த ஊர்தான், காக்காக்குத் தெரியும்."

உசனார் காக்கா தலையாட்டினார். அறியாத ஆட்களிடம் பிள்ளைகளைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் இந்த வருடமும் முதுகுதானா? றஸீனா குனிந்து டல்சிக்குக் கையை நீட்டினாள். என்னிடம்கூட ஓரிடத்தில் நிற்காத என் மகள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நான் அஷ்லியிடம் போனைக் கொடுத்தேன்.

"நேர முகத்துக்குப் புடி. கைய ஆட்டாத."

"நீங்க மம்மியோட கதைக்கல்லயா டடி?"

"நீ போ."

படிக்குக் கீழே ஒரு கதிரையில் இருந்தேன். பிளேன்டீ வந்தது. பிறந்தநாள்காரியின் தகப்பன் நான். என் மனைவிக்கு உள்ள அரை மணித்தியாலம் என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சவான் ஒன்று, கோழியும் முட்டையும் வைத்து என்னைத் தாண்டி மேலே போனது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. அதில் டல்சியின் சிரிப்பு எது என்று பிரித்தறிய முடியாமல் கொத்துச் சத்தம் கெடுத்தது. யாரிடம் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிளேன்டீயில் சீனி கூடிவிட்டது என்று பரிமாறுகிறவனிடம் கத்தினேன். பாவம், அவன் வேறு கொண்டுவந்தான்.

ஏழாக ஏழு நிமிடம் இருக்கும்போதே அஷ்லி போனோடு இறங்கி வந்தாள். கையெல்லாம் எண்ணெய்.

"டல்சி போன பாத்தாளா?"

"ஓம் டடி. முழுக்கப் பாத்தா. ஓடவே இல்ல. அந்த அன்ரி எங்களுக்கெல்லாம் கையால சோறு தீத்தி விட்டா."

"மம்மி சந்தோசப்பட்டாவா?"

அஷ்லி போனைச் சட்டையில் துடைத்தாள். "டல்சி அந்த அன்ரியட்ட, 'மம்மி, இன்னும் தாங்க' எண்டு கேட்டா."

அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"மம்மி சிரிச்சா. பொறகு லைன் போகுது எண்டு சொல்லி வெச்சிட்டா. லைன் நல்லாத்தான் இருந்த டடி."

திரும்பி அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைக்கப் போனபோது ஒரு படம் வந்து விழுந்தது. கதைக்கும்போது போன் திரையில் பிறிசில்லா எடுத்தது. டல்சி நேராகப் பார்க்கிறாள். வாய் திறந்திருக்கிறது, கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கிறது. முழு முகம். படத்தின் ஓரங்களைப் பிறிசில்லா வெட்டியிருந்தாள். சவான் இல்லை, மற்றப் பிள்ளைகள் இல்லை, கறுப்பு அபாயா இல்லை. வாய்க்குக் கிட்ட இருந்ததை மட்டும் அவளால் வெட்ட முடியவில்லை. மருதோண்டிச் சிவப்பில் நான்கு விரல் நுனிகள், ஒரு கவளம் சோறு.