ஆப்பிள் அட்டை

1

இந்தக் கதையின் பூர்வீகம் ஒரு மளிகைக் கடை வாசல். 2004-இல் புதுப்பட்டினத்தில், பளிச்சென்று நாமம் போட்ட ஒருவர் இருநூறு காலி முட்டை அட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கடல் இரைந்துகொண்டிருந்த அந்த மாலையில்—

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றால் கடலை இரையவிடாமல் எங்களுக்குப் பேனா ஓடாது.)

அவருக்கு வெங்கடராகவன் என்று பேர் வைத்தேன். அணுமின் நிலைய விஞ்ஞானி; அணுபுரம் குவார்ட்டர்ஸில் பதினைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மௌனத்தைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதுவதற்காகச் சத்தம் புகாத அறை கட்டுகிறார் என்று முதலில் எழுதினேன். ஆள் மேதையாகிவிட்டார், கதை தூங்கிவிட்டது. அடித்துவிட்டேன்.

அறை அவர் மனைவி காமுவுக்கு. நன்றாகப் பாடுவாள். குவார்ட்டர்ஸில் பொதுச்சுவர். வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.* பாட்டை நிறுத்திவிட்டாள். "சொந்த வீடு கட்டினா உனக்குன்னு ஒரு ரூம். தொண்டை கிழியப் பாடு" என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

* முதல் வாரம் அதைத் தாளம் என்றே நினைத்திருந்தாள்.

3

மேஸ்திரி ஏசுதாஸ் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் தேங்காய் நாரை அடைத்தார். கதவு விளிம்பெல்லாம் ரப்பர்.

"உள்ள பாடுனா எதிரொலி அடிக்கும் சார். முட்டை அட்டை ஒட்டிட்டா கம்முனு ஆயிடும்."

"முட்டையா! எங்காத்துலயா!"

"முட்டையை இன்னாத்துக்கு சார் ஒட்டப் போறோம்? காலி அட்டைதான்."

மசிந்தார். நீலச் சாயம் அடித்து, காமுவிடம் ஆப்பிள் அட்டை என்று சொல்லிவைத்தார். (விஞ்ஞானம் படித்தவர் இதைவிட நல்ல பொய் சொல்லக் கூடாதா? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.)

4

புது அறையைக் காமு சுற்றி வந்தாள். ஓர் அட்டைக் குழியில் சாயத்தோடு ஒட்டிக்கிடந்த எதையோ நகத்தால் சுரண்டி எடுத்தாள். கோழி இறகு.

"ஏன்னா, ஆப்பிளுக்கு இறக்கை முளைச்சிருக்கே?"

வெங்கடராகவன்— (இங்கே அவருக்கு மூன்று வசனம் எழுதினேன். மூன்றும் உளறல்.)

"பதினஞ்சு வருஷம் வாயை மூடிண்டிருந்தேன்" என்றாள் காமு. "செத்த வெளியில இருங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: அட்டைகளைக் கிழித்தெறிகிறாள்.

முடிவு இரண்டு: பாடுகிறாள்.

முடிவு மூன்று: பாடிக்கொண்டே கிழி—

எதுவென்று தெரிந்துகொள்ள வெங்கடராகவன் கதவில் காதை வைத்தார். அவர் பக்கத்தில் நானும்.

"இன்னா சார், எதுனா கேக்குதா?" என்றார் ஏசுதாஸ்.

"ஒண்ணுமே கேக்கலப்பா!"

"அதான் சார் நம்ம வேலை!"

உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றால் வாருங்கள். கதவோரத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடமிருக்கிறது.