இருபது நிமிடம் முந்திய தேசிய கீதம்

ஹுவா லம்போங் ரயில் நிலையத்தின் பெரிய கூடத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒலிக்க வேண்டிய தேசிய கீதத்தை ஐந்து நாற்பதுக்கே ஒலிக்க வைத்த பெருமை, எதிர்த் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் சோம்வாங்கையே சேரும்.

ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ரிப்பேருக்கு வந்த ஒலிபெருக்கிப் பெட்டியால் வந்த வினை அது. அதை வாங்கிப் போக வரும் வாத்தியாருக்காக நிலையக் கூடத்திலேயே காத்திருந்தவர், சும்மா இராமல் பொத்தானை அழுத்திப் பார்த்தார். காலைக் கொடியேற்றத்தின் ஒலிநாடா உள்ளேயே இருந்தது. முப்பது வருட அனுபவசாலி என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவது நல்லது.

கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. கடித்த மாம்பழத் துண்டோடு ஒருவர், அழப் போன குழந்தையோடு ஒரு தாய், எல்லோரும் சிலையானார்கள். சோம்வாங் கையை நீட்டி அணைத்திருக்கலாம். ஆனால் கீதம் ஒலிக்கும்போது அசையக் கூடாதே. அவரும் விறைப்பாக நின்று, தான் செய்த கூத்தைக் கடைசி வரி வரை கேட்டார்.

நடைமேடையில் நின்ற, உபோன் ஊருக்குப் போகும் ரயிலுக்கு இதெல்லாம் கேட்கவில்லை. அது நேரத்துக்குக் கிளம்பியது. கீதம் முடிந்ததும் மற்றவர்கள் ஓடித் தொற்றிக்கொண்டார்கள். இரண்டு மூட்டையும் பப்பாளிக்காய் இடிக்கும் மண் உரலுமாக நின்ற லம்துவனால் முடியவில்லை.

லம்துவன் பதினோரு வருடமாக நிலையத்தின் பக்கவாசலில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் விற்றவள். அடுத்த மாதம் தூரத்து ரயில்களெல்லாம் நகரத்துக்கு வடக்கே புது நிலையத்துக்குப் போகின்றன. யாருக்கு விற்பது? உபோனில் அக்கா வீட்டோடு போய்விடுவதென்று கிளம்பியிருந்தாள். பதினோரு வருடமும் அவளிடம் மத்தியானச் சோறு வாங்கிய சோம்வாங், கேட்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளிடம் கேட்டிருக்கிறார். வாத்தியாரைக் கூடத்துக்கு வரச் சொன்னதே அவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றுதான்.

"வேணும்னே பண்ணீங்களா ரேடியோக்காரரே?"

"அவ்வளவு மூளை இருந்தா நான் ஏன் ரேடியோ ரிப்பேர் பண்றேன்?"

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் மூட்டைமேல் உட்கார்ந்தாள். போய்த்தான் ஆக வேண்டுமா என்றார். அக்கா வீட்டுப் புளியமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறதாம். திரும்பி வருவாயா என்றார். ஊரில் பப்பாளி மலிவாம். இவரும் சளைக்காமல், அங்கே ரேடியோ கேட்பார்களா, கொசு அதிகமா என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

அதற்குள் ஆறு மணி ஆகி, நிஜ கீதம் ஒலித்தது. இந்த முறை ஜனங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுந்தார்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள். பெரிய வளைகூரையின் வண்ணக் கண்ணாடி வழியே வெயில் இறங்கி, தரையில் பச்சையும் மஞ்சளுமாக நீர் போல ஆடியது. நூறு வருடமாக இந்தக் கூரைக்குக் கீழே எத்தனை பேர் இப்படி நின்றிருப்பார்கள். உலகப் போரில் குண்டு விழுந்த காலத்தில், இன்று நிலையத்துக்கு முன்னால் யானை நீரூற்று இருக்கும் இடத்தில்தான் பதுங்கு குழி. அதில் தோள் இடிக்க உட்கார்ந்தவர்கள், வெளுத்த சீருடைப் பட்டாளக்காரர்கள், வடகிழக்கிலிருந்து வேலை தேடி ஒரே பையோடு இறங்கிய பெண்கள், அவர்களில் ஒருத்தியாக இருபது வயது லம்துவன், எல்லோரும் அந்த வெளிச்சத்தில் மிதந்து அவர் அருகில் வந்து நிற்பது போலிருந்தது. யாருக்கும் அவசரமில்லை. வாசலுக்கு வெளியே கால்வாய்கூட ஓடாமல் நிற்கிறது என்று தோன்றியது.

கீதம் முடிந்தது. கூடம் மறுபடி இரைந்தது. சோம்வாங்குக்கு மட்டும் கால் இன்னும் அசையவில்லை. சொல்வதற்கு ஒரு வேடிக்கைப் பேச்சு தேடினார். பிறகு அதை விட்டுவிட்டு நேராகவே கேட்டார்.

"நானும் உன்கூட வரட்டுமா?"

லம்துவன் அவரைப் பார்த்தாள். புளியமரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"வாங்க. அக்கா வீட்ல இடம் கிடையாது, பக்கத்துல ஒரு அறை பாத்துக்கணும். கல்யாணம் அது இதுன்னு ஒரு வருஷத்துக்கு என்கிட்ட கேக்கக் கூடாது. ஆனா வாங்க."