காது ஆஸ்பத்திரிக்கு வாங்கிய சர்வர்

பெங்களூரு விவேக் நகரில் ஒரு காது ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் நான்தான். அதனால் நான் சொல்வதை மறுக்கவும் ஆள் கிடையாது. நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸ் பழைய கம்ப்யூட்டரில் திணற ஆரம்பித்ததும், புது சர்வர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டாக்டர் கோவிந்தப்பா என்னிடம் விட்டார்.

எத்தனை கோர், எவ்வளவு மெமரி, ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்குமா என்று வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டேன். பெங்களூரு மொத்தமும் காது கேட்காமல் எங்களிடமே வந்து நின்றாலும் சமாளிக்கிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். டாக்டருக்கு நான் கொடுத்த விளக்கத்தில் பாதி எனக்கே புரியவில்லை. அவர் தலையாட்டினார்.

காது பரிசோதிக்கும் அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் அதை வைத்து, ஒரு நாள் காலையில் ஆன் செய்தேன். உள்ளே இருந்த குட்டி ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. எனக்கு அது கம்பீரமாகத்தான் பட்டது.

மதியம், பரிசோதனை செய்யும் ஆஞ்சலா மேடம் வந்தார். காலையிலிருந்து வந்த ஒருவருக்கும் மெல்லிய சத்தம் கேட்கவில்லையாம். சந்தேகப்பட்டுத் தன்னையே சோதித்துப் பார்த்திருக்கிறார், அவருக்கும் கேட்கவில்லை. சர்வரை நிறுத்தச் சொன்னார். டேட்டாபேஸை நினைத்தபோதெல்லாம் நிறுத்த முடியாது என்று நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

அவர் வாதாடவில்லை. என்னை அந்த அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினார். பீப் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் சர்வர் மட்டும்தான் கேட்டது.

வெளியே வந்ததும் ரிப்போர்ட்டை நீட்டினார். "கிளெமென்ட், இதன்படி உங்களுக்குக் காது மெஷின் மாட்டணும். மாட்டட்டுமா, இல்ல அந்த மெஷினை நிறுத்துறீங்களா?"

நிறுத்தினேன். பிற்பாடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சத்தம் போடாத சின்னது ஒன்று வாங்கினோம். எங்கள் டேட்டா முழுவதும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு வேறு வேலை இருந்தது. காலையில் வந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, அந்த ரிப்போர்ட் தப்பு, குறை எங்களிடம்தான், மறுபடி வாருங்கள் என்று சொல்ல வேண்டும். பலர் திட்டினார்கள். ஒரு அம்மா அழுதே விட்டார். அவரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன்.

காலையில் மர்பி டவுனிலிருந்து வந்திருந்த ராஜேந்திரன் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காது கேக்கலன்னு வீட்ல சொல்லிட்டேன் சார். மத்தியானத்துலேருந்து நிம்மதியா இருக்கு. அடுத்த வாரம் வரட்டுமா?"

மெதுவாக வாருங்கள் என்றேன்.