கேசினோவின் முன்வாசல்

வெயிலில் மின்னிக்கொண்டு குறுக்குக் கம்பி இறங்கிவிட்டது, பாடை நின்றுவிட்டது, பறையடித்தவர்கள் கையை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்தார்கள், உள்ள விருந்தாளிங்க இருக்காங்க, வாய்க்கா பக்கமா சுத்திப் போங்க என்கிறான் காவலுக்கு நிற்கும் மேலத்தெரு முத்தரசன், தவமணிக்கு அந்தக் கம்பியைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, பாடையில் கிடப்பவர் அவள் மாமனார், இந்தக் கேசினோவின் வாசல் இருக்கும் இடம் அவர் கடலை போட்ட மண், சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் மதிலுக்குள்தான் அகப்பட்டுக்கொண்டது, பாதைய விட்டுடுவோம், வீட்டுக்கு ஒரு வேலையும் உண்டு என்று நிலத்தை வாங்க வந்த தரகர் சொன்ன நாள் அவள் கண்ணுக்குள் இப்போதும் நடக்கிறது, மாமனார் கைநாட்டு வைத்துவிட்டுக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தபடி சிரிக்கிறார், பன்னெண்டாவது படிச்ச புள்ள நீ, மேசையில நின்னு சீட்டுப் போடுவே பாரு, அவளும் நம்பித் தொலைத்தாள், மூன்று மாதப் பயிற்சியில் அவள் கைக்குத்தான் சீட்டு சொன்னபடி கேட்டது, பயிற்சி கொடுத்தவரே அப்படித்தான் சொன்னார், விண்ணப்பத்தில் முகவரி கேட்ட இடத்தில் காலனித் தெரு என்று எழுதினாள், வேறென்ன எழுதுவாள், மேலத்தெருப் பிள்ளைகளுக்கு மேசையும் முன்வாசலும் கிடைத்தன, காலனிக்குக் கக்கூஸும் பின்வாசலும், ஆறு வருடமாக அதே பின்வாசல், மேலத்தெரு மட்டும் வாழ்ந்துவிட்டதா என்ன, முத்தரசனின் அப்பா இங்கே ஆடித்தான் வீட்டைத் தோற்றார், இருந்தும் அவளைவிடப் பத்து வயது சின்னவன் ஏ தவமணி என்றுதான் கூப்பிடுகிறான், அந்த ஒன்றை மட்டும் அவர்கள் தோற்கவில்லை.

வாய்க்கால் பக்கம் முழங்கால் சேறு, பாடையோடு விழுந்து எழுந்துதான் போகவேண்டும், சுத்தியே போயிடலாம் புள்ள, உன் வேலைக்கு உலை வச்சிடுவானுங்க என்று கணவன் கலியன் காதோரம் சொன்னான், கக்கூஸ் கழுவுற வேலைதானே என்று வாய்வரை வந்தது, அந்த வேலையில்தான் அடுப்பு எரிகிறது என்பதும் கூடவே வந்தது, சேற்றில் இறங்குமுன் தோள் மாற்றிக்கொள்ளச் சுமப்பவர்கள் பாடையை இறக்கக் குனிந்தார்கள், எறக்காதீங்க என்றாள் தவமணி, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம், மற்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், இவள் மட்டும் எப்படி இவ்வளவு தூரம் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஏ தவமணி, என் வேலையும் போயிடும் என்றான் முத்தரசன், அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும், போவட்டும் தம்பி, இவரு போவணும் என்றாள். கம்பிக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள், வாங்க மாமா என்றாள், ஆறு வருடத்தில் அவள் முன்வாசல் வழியாக உள்ளே போவது இதுதான் முதல் தடவை.