செம்புக் குண்டு

வாழ்நாளில் ஒரே ஒரு மூஸ். அமெரிக்காவில், கிழக்கு இடாஹோவில் குலுக்கலில் ஆண் மூஸ் மானை வேட்டையாட அனுமதி கிடைத்து, அதைச் சுட்டும் விட்டால் அதோடு சரி. மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் மார்வா வருடா வருடம் எழுதிப் போட்டு ஏமாந்தவள். இந்த வருடம் அவள் பெயர் விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் பேருந்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாளாம்.

அன்றிலிருந்து வாயுள்ளவர்களெல்லாம் தோட்டா நிபுணர்களாகிவிட்டார்கள். சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறியவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டு, குண்டு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார். எல்லோரிலும் பெரிய வாய் அவளுடைய அண்ணன் தேய்னுக்கு. குதிரையைவிட உயரமாக நிற்கும் மிருகத்துக்குத் பீரங்கிபோல் உதைக்கும் தன்னுடைய மேக்னம் துப்பாக்கியும் கனத்த ஈயக் குண்டும்தான் சரி என்று ஒற்றைக்காலில் நின்றான்.

சரி, பார்த்துவிடுவோம் என்று மார்வா அதை வாங்கி அட்டையைக் குறிவைத்துச் சுட்டாள். முதல் வெடியிலேயே தோள் கழன்றதுபோல் இருந்தது. மூன்றாவதில், விசையை இழுப்பதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. குண்டு எங்கே போனதோ, அட்டையில் இல்லை. தன் சிறிய துப்பாக்கியால் சுட்டபோதோ, விழுந்த ஓட்டைகளை எல்லாம் ஒரு ஜாம் பாட்டில் மூடியால் மறைத்துவிடலாம்.

அந்தச் சிறிய துப்பாக்கிக்கே எடை குறைந்த, முழுக்கச் செம்பாலான குண்டைத் தேர்ந்தெடுத்தாள். எலும்பில் பட்டாலும் அது ஈயம்போல் சிதறாது. முனை விரிந்தபடி ஆழமாக இறங்கும். ஆனால் கிட்டப் போக வேண்டும். நூற்றைம்பது கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொண்டாள்.

"அதை வச்சு மூஸுக்குக் காது குத்தப் போறியா?" என்று கேட்டான் தேய்ன்.

உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு விடும் விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டது. தன் வயலில் கிழங்கு தோண்டும் இயந்திரம் சேற்றில் நின்றுவிட, தேய்னும் வேட்டைக்குத் துணையாக வந்தான். காலையிலேயே கண்ணில் பட்டது மூஸ். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், நானூறு கஜம் தள்ளி, கட்டில் அகலத்துக்குக் கொம்பு.

தேய்ன் மேக்னத்தை நீட்டினான். "இந்தா, இங்கேருந்தே போடு. கிட்டப் போனா ஓடிடும். அப்புறம் ஆயுசு பூரா அழுவ."

அவள் கை பாதி தூரம் போய்விட்டது. பிறகு இழுத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்குவேன் அண்ணே. எங்க படும்னு எனக்கே தெரியாது. கால்ல பட்டு, எங்கயாவது போய்க் கெடந்து சாகணுமா?"

காற்று முகத்தில் அடித்தது. நல்லதுதான், வாடை மூஸுக்குப் போகாது. முழங்காலளவு குளிர்ந்த நீரில், வில்லோ புதர்களுக்கு நடுவே குனிந்தபடி நகர்ந்தாள். பாதி வழியில் கொம்பு மறைந்துவிட்டது. எல்லாம் போச்சு, அவன் சொன்னதுதான் நடந்தது என்று அழுகை முட்டியது. அப்போது பக்கத்திலேயே புதர் மடமடவென்று முறிந்தது. மூஸ் கொம்பால் கிளைகளை அடித்து நொறுக்கிக்கொண்டே அறுபது கஜத்தில் வெளியே வந்து, விலாவைக் காட்டி நின்றது. மார்வாவின் நெஞ்சு அடித்த அடியில் துப்பாக்கி முனையும் சேர்ந்து ஆடியது. ஒரு மூச்சு விட்டாள். முன்னங்காலுக்குப் பின்னே குறிவைத்து, கண்ணைத் திறந்தபடி சுட்டாள்.

மூஸ் ஒன்றுமே நடக்காததுபோல் நடந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு அதன் முன்னங்கால்கள் மடிந்தன. சேறு தெறிக்கச் சரிந்தது. மார்வாவும் அதே சேற்றில் உட்கார்ந்து பைத்தியம்போலச் சிரித்தாள்.

தோலுரிக்கும்போது குண்டு மறுபக்கத் தோலுக்கடியில் அகப்பட்டது. எலும்பையும் உடைத்துக்கொண்டு போயிருந்தது. செம்பு விரிந்திருந்ததே தவிர ஒரு துண்டும் உதிரவில்லை. தேய்ன் அதைத் தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டினான். இப்போது என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறானோ என்று மார்வா காத்திருந்தாள். அவனோ, ஆளரவமே இல்லாத அந்தச் சதுப்பில் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"பெட்டியில இன்னும் மிச்சம் இருக்கா? உன் துப்பாக்கியும் கொஞ்ச நாளைக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடறேன் மார்வா. ரொம்ப வருஷமா."