சீனாக்கார மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் காசிமுக்கு எதுவும் எழுத்தில் வந்துவிட்டால் போதும், அப்படியே நம்பிவிடுவார். லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்கும், வசியம் வைக்கிற பாபா பெங்காலி விளம்பரத்தைக்கூட நின்று வாசிக்கிற ஆள். அவர் போனில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று பார்க்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தது என் மகள் ஷமீமா செய்த பெரிய தப்பு.

அவளுக்கு நிக்காஹ் பேசியிருந்த வாசிம் சரக்குக் கப்பலில், என்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான். அவன் உம்மா ராபியா பம்பாய்க்குப் பக்கத்தில் நெருளில் இருக்கிறார். கப்பல் செங்கடல் வழியாக பம்பாய் வந்து சேர்ந்ததும் கல்யாணம். மண்டபம், பிரியாணி ஆக்கப் பண்டாரி, ஆடு எல்லாம் சொல்லியாயிற்று. தாராவியில் எங்கள் தோல் பை தைக்கும் கார்கானாவுக்கு வருகிறவர்களிடம் இவர் பையைக் காட்டுவதை விட்டுவிட்டுக் கப்பலைக் காட்ட ஆரம்பித்தார். "மாப்ள சூயஸ் தாண்டிட்டான்" என்பார், ஏதோ சயான் சிக்னலைத் தாண்டியது மாதிரி.

எனக்குச் செங்கடலின் கடைசி முனையை நினைத்தால்தான் பயம். அங்கே கப்பல்கள் ராக்கெட் விழுந்து எரிவதை டிவியில் பார்த்திருக்கிறேன். கடல் எல்லாருக்கும் பொது என்று எல்லா நாட்டுக்காரர்களும் மைக் வைத்துப் பேசுகிறார்கள்; வழி விடுவது என்னவோ ஆள் பார்த்துத்தான். கேப்டன் போனை அணைக்கச் சொல்லிவிட்டதாக வாசிமிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கார்கானாக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏளா நூரு! கப்பல்ல பூராவும் சீனாக்காரனுவளாம்!"

ஆப்பில் கப்பல் போகிற ஊர் வரும் இடத்தில் மும்பையைக் காணோம். அதற்குப் பதில் இங்கிலீஷில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஷமீமாவும் வாசித்துப் பார்த்தாள்.

"அப்போ நம்ம மாப்ள எங்க? கப்பல்ல வேலைன்னு சொன்னதே பொய்யா?"

"வாப்பா, டென்ஷன் நக்கோ, பதறாதிய. கொஞ்சம் ருக்கோ, நான் விசாரிக்கேன்."

இவரா பொறுப்பார்? அதற்குள் நெருளுக்குப் போன் போட்டுவிட்டார். "உங்க மவன் அந்தக் கப்பல்லயே இல்ல. எங்கள நல்லா ஏமாத்திட்டிய." அந்தப் பக்கம் ராபியா என்ன சொன்னாரோ, போன் கட்டாகிவிட்டது. அடுத்த போன் பண்டாரிக்கு, ஆடு வேண்டாம் என்று. ஷமீமா மாடி அறைக்கு ஏறிப் போய் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் மட்டும் கீழே வந்தது. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

கோபம் வந்தால் எனக்குத் தைக்கத்தான் தோன்றும். மெஷினில் போய் உட்கார்ந்தேன். கொலாபா கடைகளுக்குப் போகிற பைகளுக்கு உள்பக்கம் சின்ன லேபிள் வைத்துத் தைக்க வேண்டும். ஒன்றை எடுத்து வைத்து ஊசியை இறக்கப் போனவள், அப்படியே நிறுத்திவிட்டேன்.

"இங்க வாங்க. இந்தப் பை எங்க செஞ்சது?"

"இது என்ன கேள்வி? இங்கதான்."

"இதுல என்ன போட்டிருக்கு?"

"மேட் இன் இத்தாலி. அது ஏவாரத்துக்குளா. இத்தாலின்னாத்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. லேபிளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீனான்னாத்தான் வழி விடுவானுவன்னு அந்தக் கேப்டனும் ஒட்டியிருக்கலாம்லா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. ஆனால் மேலே அழுகை நின்றிருந்தது.

அன்று பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்த நேரத்தில் வாசிமே கூப்பிட்டான். கப்பலில் பேருக்கு ஒரு சீனாக்காரன் கூடக் கிடையாதாம். சீனாவைப் பகைக்க யாருக்கும் துணிச்சல் வராது என்று கேப்டன் அப்படிப் போட்டாராம். ஒரு கீறல் இல்லாமல் தாண்டி வந்துவிட்டார்கள்.

"இப்ப ஏடன் பக்கம் வந்தாச்சு மாமி. நம்ம நேவி கப்பல் கூடவே வருது. ரேடியோல ஹிந்தி கேட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு."

எனக்கும்தான் வந்தது. ஆப்பில் மும்பை திரும்பியிருந்தது. ஏணியும் கீழே இறங்கியது.

இவர் நெருள் நம்பரைப் போட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரே மன்னிப்புக் கேட்டார். இத்தாலிக் கதையையும் மறைக்காமல் சொன்னார். ராபியா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பண்டாரிக்கு மறுபடி போன் போனது.

நிக்காஹ் அன்று இவர் வாசிமின் கையைப் பிடித்து மகளைக் கொடுத்தார். அவன் கபூல் என்று சம்மதம் சொன்னான். துஆவும் ஓதியாயிற்று. எல்லாரும் எழுந்த பிறகும் இவர் மட்டும் பிடித்த கையை விடவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராபியா என் தோளை இடித்தார்.

"சம்மந்தி, கைய விடச் சொல்லுங்க. லேபிள் சரியாத்தான் இருக்கு."